நிற்க வைத்து எடுத்த படம்

மலையில் என் பெயர் யாருக்கும் தெரியாது. போட்டாக்காரம்மா என்றால் தெரியும். ஜமுனாமரத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. வீடு வாணியம்பாடியில். காலையில் பஸ் ஏறி, ஆலங்காயத்தில் அது நிற்கும் நேரத்தில் ஒரு டீ குடித்து, காவலூர் வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தால், என் அறை வாசல் பெஞ்சில் ஆட்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவராவது பெட்டியில் மடித்து வைத்திருந்த புடவையைக் கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருப்பார். ஆஸ்பத்திரியில் போட்டா எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். "மூஞ்சி இதுல வராதும்மா, முட்டி மட்டுந்தான் வரும்" என்று நான் சொன்னதும் அவர் முகம் சற்று வாடும். பிறகு, "அப்போ முட்டியாச்சும் நல்லா எடு" என்பார்.

எனக்குச் சட்டென்று கோபம் வரும். இதை என் வீட்டுக்காரரைக் கேட்டாலும் சொல்வார், மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அசையாதீர்கள் என்று சொன்ன பிறகு அசைகிறவர்கள், வளையலைக் கழற்றச் சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள், சிவப்பு விளக்கு எரியும்போது கதவைத் தள்ளிக்கொண்டு "இன்னும் முடியலியா" என்று எட்டிப் பார்க்கிற உறவுக்காரர்கள், எல்லாரும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆனால் படம் பதிந்த கேசட்டை ரீடர் மெஷினுக்குள் செருகிவிட்டுத் திரை முன்னால் உட்கார்ந்தால் அந்தக் கோபம் எங்கே போகிறதென்று தெரியாது. முதலில் வெறும் சாம்பல் நிறம் வரும். அதற்குள்ளிருந்து எலும்பு வெளுத்து எழுந்து வரும். தோல், சதை, புடவை, அழுக்கு, வயசு எதுவும் இல்லாமல் ஒரு ஆளின் கால் அங்கே நிற்கும். இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தும் அந்த நொடியில் என் வாய் தன்னாலே 'சுபுஹானல்லாஹ்' என்று சொல்லிவிடுகிறது. எங்கள் வீட்டில் பேச்சு உருது. ஆச்சரியம் வந்தால் எனக்கு வாயில் வருவது அதுதான்.

எல்லாப் படங்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது முழங்கால்தான். இதைச் சொன்னால் கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். மேலே தொடை எலும்பு, கீழே கீழ்க்கால் எலும்பு, இரண்டுக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோட்டுக்குள்தான் குருத்தெலும்பு இருக்கிறது. ஊரில் ஜவ்வு என்பார்கள். ஆனால் அது எக்ஸ்ரேயில் தெரியாது. ஒன்றுமே இல்லாத இடம் போலக் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பு எவ்வளவு அகலமாக இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஜவ்வு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அது விட்டு வைத்திருக்கும் இடத்தைப் பார்த்து அளப்பது என்பது எனக்கு இன்றைக்கும் அதிசயமாகத்தான் இருக்கிறது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. படுக்க வைத்து எடுத்தால் தேய்ந்த முட்டியிலும் எலும்புகள் விலகிக் கிடக்கும், கறுப்புக் கோடு அகலமாகத் தெரியும். ஆள் நின்று, உடம்பின் பாரம் முட்டியில் இறங்கினால்தான் உண்மை தெரியும். அதனால் முழங்கால் வலி என்று வருகிறவர்களை நிற்க வைத்து, இரண்டு காலிலும் சமமாகப் பாரம் போடச் சொல்லித்தான் எடுப்பேன். இதைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் நான் விலாவாரியாகச் சொல்வதும் உண்டு. பேச ஆள் கிடைத்தால் நான் விடமாட்டேன்.

என் அம்மாவின் முட்டியையும் நான்தான் எடுத்தேன். அம்மா தொழும்போது மண்டியிட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து தொழ ஆரம்பித்து வெகு நாளாகிறது. நெற்றி தரையைத் தொடவில்லையே என்று ஒவ்வொரு வேளையும் கண் கலங்குவார். அவர் படம் வந்தபோது நான் ஏமாந்து போனேன். கறுப்புக் கோடு நன்றாகவே இருந்தது. அதே வாரத்தில் புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவர் முட்டியில் கோடு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அவரோ பலா மரத்தில் ஏறிக் காய் வெட்டி இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார். படத்துக்கும் வலிக்கும் நடுவில் என்னதான் இருக்கிறது என்று எனக்கு இன்று வரை புரியவில்லை.

நான் சொல்ல வந்தது வேறொரு அம்மாவைப் பற்றி. அவர் வந்தது ஒரு சந்தை நாளில். அறுபதை ஒட்டிய வயசு. தலையில் ஒரு மூட்டை, பின்னால் மகள். மூட்டையில் இருந்தது சாமை. மில்லில் கொடுத்து உமி நீக்கி வீட்டுக்குத் தூக்கிப் போகிற வழியில் மகள் ஆஸ்பத்திரிக்குள் இழுத்து வந்திருக்கிறாள். மகளுக்கு முப்பது இருக்கும். ஆலங்காயத்தில் வாழ்க்கைப்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அக்கா, எங்கம்மா முட்டியெ நல்லா பாத்து எடுங்க" என்றாள் என்னிடம். "அப்பா போனதுலேந்து இது தனியா கெடக்குது. ஜீப்பு போற எடத்துலேந்து ஓடெ தாண்டி மேல ஏறணும் எங்க வூட்டுக்கு. எங்கனா வுழுந்து கெடந்தா யாரு பாக்குறது? தேஞ்சு போச்சுன்னு படத்துல வந்துட்டா இன்னிக்கே கூட்டிகினு போய்டுவேன். கீழ ஆலங்காயத்துல எங்க வூட்ல ஒரு ரூமு காலி பண்ணி வெச்சுட்டேன்."

"தேயலன்னு வந்தா?" என்றார் அம்மா, மூட்டைக்குக் கீழேயிருந்து.

"வந்தா இங்கியே கெட. நான் அப்பறம் ஒரு வார்த்தெ கேக்க மாட்டேன்."

"இந்தம்மா சாட்சி" என்று அந்த அம்மா என்னைக் காட்டினார். இந்தச் சண்டை வெகு நாளாக நடக்கிறது, இன்றைக்கு என் மெஷினை நாட்டாமை ஆக்கியிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அவர் முறை வரும் வரை மூட்டையை இறக்கவே இல்லை. பெஞ்சில் இடம் இருந்தும் உட்காரவில்லை. சுவரோரமாகத் தலையில் மூட்டையோடு நின்றபடி, நான் அவருக்கு முன்னால் வந்தவரிடம் முட்டியைப் பற்றி விளக்கியதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "எறக்கி வெச்சா நொண்டறது தெரிஞ்சுடும், அதான்" என்றாள் மகள் என் காதோரமாக. "சுமெ இருந்தா நொண்டாது. வெறுங்கையா வுட்டுப் பாருங்க." அவள் சொன்னது சரிதான். வாசலில் மூட்டையை இறக்கி, அதற்கு அடியில் தலையில் வைத்திருந்த சும்மாட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தபோது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மகளை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினேன். புடவையை முட்டிக்கு மேலே ஏற்றிச் செருகச் சொன்னேன். இடது முட்டியைச் சுற்றி வட்டவட்டமாகத் தழும்புகள்.

"சூடு போட்டதா? யாரு போட்டாங்க?"

"எங்க வூட்டுக்காரருதான். மஞ்சளெ நெருப்புல காட்டி வெச்சாரு. வலி போய்டுச்சு."

"நெசமாவா?"

"சூடு வெச்ச வலில முட்டி வலி எங்க தெரிஞ்சுது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அந்தத் தழும்புகளை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். படத்தில் அவை வராது. ஒரு மனுஷன் தன் பெண்டாட்டியின் வலிக்காகச் செய்த அத்தனையும் எக்ஸ்ரே ஒளிக்கு ஒரு பொருட்டே இல்லை.

சின்ன மேடைமேல் ஏற்றி, கைப்பிடியைப் பிடிக்க வைத்து, முட்டிக்குப் பின்னால் கேசட்டைப் பொருத்தினேன். "ரெண்டு கால்லயும் சமமா பாரம் போட்டு நில்லுங்கம்மா" என்றேன். அவர் நின்றார். தோள் இரண்டும் ஒரே மட்டம். இடுப்பு ஒரே மட்டம். பாதம் இரண்டும் தரையில் ஒட்டியிருந்தன. முட்டி வலிக்காரர்கள் ஏதாவது ஒரு பக்கம் சாய்வார்கள், நான் கத்துவேன், நிமிர்வார்கள், மறுபடி சாய்வார்கள். இவ்வளவு நேராக நின்றவரை நான் பார்த்ததே இல்லை. ஒரு பாராட்டும் சொல்லிவிட்டு ஈய மறைப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினேன்.

திரையில் படம் வந்தது. நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே போனேன்.

வலிக்கிற இடது முட்டியில் கறுப்புக் கோடு ஒரு கல்யாணமாகாத பெண்ணின் முட்டியில் இருப்பதுபோல் தாராளமாக இருந்தது. நல்ல காலான வலது முட்டியில்தான் அது ஒடுங்கியிருந்தது. ஆனால் அந்த இடது முட்டியின் ஓரங்களிலெல்லாம் எலும்பு முள் முள்ளாக வளர்ந்திருந்தது. ஜவ்வு தேயத் தேயத்தான் அப்படி முள் கட்டும். முள் இவ்வளவு இருந்து கோடும் இவ்வளவு இருப்பது எனக்கு ஒத்து வரவில்லை. பாரம் இறங்காத கால் இது என்று தோன்றியது. ஆனால் நான் கண்ணால் பார்த்தேனே, சமமாகத்தானே நின்றார்?

திரும்பிப் போய் மறுபடி அதே இடத்தில் நிற்க வைத்தேன். அதே நேர். அதே மட்டம். குனிந்து பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. என் டிபன் பாக்ஸைச் சுற்றி வந்த செய்தித்தாளைக் கிழித்து, பாதத்தைத் தூக்கச் சொல்லி, ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஒரு துண்டு வைத்தேன். வலது பக்கத்துத் தாளை இழுத்தேன். கிழிந்து பாதி கையோடு வந்தது. இடது பக்கத்துத் தாளை இழுத்தேன். மேஜைமேல் கிடக்கிற தாளை எடுப்பதுபோல வழுக்கிக்கொண்டு வந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னாம்மா இது? பாரம் மொத்தமும் அந்தக் கால்ல இருக்குது. இந்தக் காலு சும்மா தரையெ தொட்டுகினு இருக்குது. எப்டி நிக்கிறீங்க இப்டி?"

அவர், பிடிபட்டவர் சிரிக்கிற சிரிப்பு ஒன்று சிரித்தார்.

"காலு ஆத்துறதும்மா" என்றார். "சொமெயோட ஏறச்சொல்ல கால் நோவும். எறக்கி வெச்சா திரும்ப தூக்கிவுட வழில யாரு இருக்கா? அதனால நின்னுகினே ஒரு கால ஆத்துவோம், அப்பறம் இன்னொரு கால. ஒடம்பு சாஞ்சா மூட்டெ வுழுந்துடும். அதனால தலெ, தோளு, இடுப்பு எதுவும் அசையக் கூடாது. எங்க ஊரு பொம்பளைங்க எல்லாருக்கும் வரும் இது."

இதைத் திருப்பிச் செய்து காட்டச் சொன்னேன். வலது காலிலிருந்து இடது காலுக்குப் பாரத்தை மாற்றினார். எதுவும் நகரவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரைத் தலையில் வைத்திருந்தால் அதுகூட அலம்பியிருக்காது. கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகின. உதட்டைக் கடித்துக்கொண்டு உடனே பழைய காலுக்கே மாறிக்கொண்டார்.

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

"தெரிஞ்சேதான். நீதான வெளிய சொல்லிக்கினு இருந்த, பாரம் போட்டாத்தான் எலும்பு ஒட்டறது தெரியும்னு. போடலன்னா தெரியாதில்ல?"

என் வாயே எனக்கு எதிரி என்று என் வீட்டுக்காரர் சொல்வதை நினைத்துக்கொண்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். கதவுக்கு வெளியே மகள் நின்றிருந்தாள். "பாப்பா, இந்தப் படத்தையே குடுத்துடு. கீழ போய் நான் இன்னா பண்ணுவேன்? காலைல அவ கம்பெனி வேனுக்குப் போய்டுவா. மருமவன் போய்டுவாரு. நான் கதவெ சாத்திகினு குந்தியிருக்கணும். நல்ல பொண்ணுதான், சோறு போடுவா, ஒண்ணும் கொறெ வெக்க மாட்டா. ஆனா இங்க விடிஞ்சா என்னெ ஒருத்தராவது கூப்புடுவாங்க. களெ எடுக்க வாரியான்னு, புளி தட்ட வாரியான்னு. அங்க என்னெ யாரு எதுக்கு கூப்புடுவாங்க?" என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை மரம் போலக் காய்த்திருந்தது.

ஒரு நிமிஷம் எனக்கு மனம் தடுமாறியது என்பதை மறைக்கவில்லை. படம் திரையில் தயாராக இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் டாக்டர் அறைக்குப் போய்விடும். மகள் வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஆனால் என்னால் முடியவில்லை. அந்தக் கறுப்புக் கோடு இத்தனை வருடமாக எனக்குச் சோறு போடுகிறது. அதைவிட, இந்தப் பொய்ப் படத்தைச் சாக்காக வைத்து அவர் நாளைக்கும் ஒரு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அந்த ஓடையைத் தாண்டுவார் என்பது எனக்குப் பயமாக இருந்தது.

"முடியாதும்மா" என்றேன். "நீங்க எங்கியாவது வுழுந்துட்டீங்கன்னு கேள்விப்பட்டா என்னால சோறு துன்ன முடியாது."

அவர் கையை விட்டார். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. "சரி, எடு" என்றார். "ஆனா மொதல்ல எனக்குக் காட்டணும். டாக்டருக்கு முன்னாடி, அவளுக்கு முன்னாடி. என் காலு, நான் பாக்கணும்."

மறுபடி நின்றார். இந்த முறை இரண்டு காலுக்கு அடியிலும் தாள் அசையவில்லை. தோள் மட்டம் தப்பியது, முகம் சுருங்கியது, கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். என் தொழிலில் நான் அவ்வளவு வேகமாக மறைப்புக்குப் பின்னால் ஓடியதில்லை. அழுத்திவிட்டு, "போதும்மா, எறங்குங்க" என்று கத்தினேன்.

அவரை என் நாற்காலியில் உட்கார வைத்துத் திரையைக் காட்டினேன். சாம்பல் நிறம் வந்தது. எலும்பு எழுந்தது.

இடது முட்டியின் உள்பக்கம் கறுப்புக் கோடு இல்லை. மேல் எலும்பு கீழ் எலும்பின்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. கால் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. பாரம் விழும் இடத்தில் எலும்பு கெட்டிப்பட்டு, மற்ற இடத்தைவிடப் பளீரென்று வெளுத்திருந்தது. இரண்டு ஓரத்திலும் அந்த முட்கள். தேய்ந்த மூட்டு ஆடாமல் நிற்பதற்கு உடம்பு தானே ஓரத்தில் எலும்பை வளர்த்து அகலப்படுத்திக்கொள்கிறது என்று எங்கள் டாக்டர் ஒரு முறை சொல்லியிருக்கிறார். அதுவரை அவை எனக்கு வெறும் முட்கள். அன்றைக்குத்தான், யாரும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல், உள்ளே ஒரு வேலை நடந்துகொண்டே இருந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன். 'சுபுஹானல்லாஹ்' என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

"இது என்னுதா?" என்றார் அவர்.

"உங்களுதுதான்."

எது எந்த எலும்பு, கோடு எங்கே இருக்க வேண்டும், எங்கே இல்லை என்று காட்டினேன். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்தார். வயலில் பயிரைப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரை.

"இது மேலயா நான் நடந்துகினு இருக்கேன்?"

"இது மேலதான்."

"இன்னிக்கு மில்லுக்கு வந்ததும்?"

"இது மேலதாம்மா வந்தீங்க."

அவர் கையை இறக்கித் தன் இடது முட்டியின்மேல் வைத்தார். ஏர் கட்டி உழுதுவிட்டு வந்த மாட்டைத் தடவிக் கொடுப்பதுபோலத் தடவினார். "பாவம்" என்றார். "எனக்கே தெரியாம எவ்ளோ பண்ணிக்கினு இருந்திருக்குது." அவர் அழவில்லை. அவர் முகத்தில் இருந்தது என் முகத்திலும் இருந்திருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் ஏதோ பெரிய மனுஷர் முன்னால் நிற்கிறவர்கள் மாதிரி அந்தத் திரை முன்னால் இருந்தோம். அதற்குள் மகள் கதவைத் தட்டிவிட்டாள்.

டாக்டர் அறைக்கு நானும் போனேன். எனக்கு அங்கே வேலை இல்லை. போகாமல் இருக்க முடியவில்லை. டாக்டர் இளம் பெண். படத்தைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். மகள் திரையைப் பார்த்து, "பாத்தியா, பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று ஆரம்பித்தவள், டாக்டர் பேனாவால் அந்த இடத்தைக் காட்டியதும் நிறுத்திவிட்டாள். "ஒட்டிக்கினு இருக்குதே" என்றாள் மெதுவாக. அவள் ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் படத்தை விட்டுவிட்டு அந்த அம்மா பக்கம் திரும்பினார். ராத்திரி வலியால் தூக்கம் கெடுகிறதா? இல்லை. காலையில் எழுந்ததும் முட்டி பிடித்துக்கொள்கிறதா? கொஞ்ச நேரம், அடுப்பு பற்ற வைப்பதற்குள் விட்டுவிடும். எவ்வளவு தூரம் நடக்க முடியும்? "எவ்ளோ தூரம் போவணும்?" என்று திருப்பிக் கேட்டார் அம்மா. டாக்டர் சிரித்தார். முட்டியை மடக்கிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், வராண்டாவில் நடக்க வைத்துப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் அந்த நொண்டலைப் பார்த்தோம்.

"படம் மோசமாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். "ஆனா நான் படத்துக்கு வைத்தியம் பாக்கல. இதைவிட நல்ல படம் வெச்சிருக்கிறவங்க சில பேர் கட்டிலை விட்டு எறங்க முடியாம இருக்காங்க. உங்களுக்கு இப்போ ஆபரேஷன் வேண்டாம். தூக்கம் கெட்டா, நடை கொறைஞ்சா வாங்க, அப்போ பேசலாம். தொடைக்கு பலம் குடுக்கப் பயிற்சி சொல்லித் தரேன். கையில ஒரு கோல் வெச்சுக்குங்க. நடங்க, நடக்கிறதை விடாதீங்க."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. மகளைப் பார்த்தார்.

"ஆனா தலைச்சுமை கூடாது" என்றார் டாக்டர். "இனிமே எப்பவும்."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. தீர்ப்பு அவர் எதிர்பார்த்த இடத்தில் விழவில்லை. "சொமெ இல்லாம எப்டிம்மா? தண்ணி இருக்குது, வெறகு இருக்குது, சாமெ இருக்குது" என்றார். "கையெ வீசிகினு நடக்கறதுக்கா எனக்குக் காலு?"

"அதுக்குத்தான் கீழ வான்றேன்" என்றாள் மகள். "டாக்டரம்மா, நீங்களே சொல்லுங்க."

"கீழ போறதா, இங்கியே இருக்கிறதான்னு எக்ஸ்ரேல வராதும்மா" என்றார் டாக்டர். "அத நீங்க ரெண்டு பேருந்தான் பேசிக்கணும்."

என் மெஷின் நாட்டாமைப் பதவியை அங்கேயே இழந்தது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வெளியே என் அறை வாசலில் மூட்டை கிடந்தது. அந்த அம்மா பழக்கத்தில் நேராக அதனிடம் போனார். இடுப்பிலிருந்து சும்மாட்டை எடுத்துச் சுருட்டினார். சுருட்டிய பிறகுதான் நினைவு வந்தது போலிருக்கிறது. துணி வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவரை அப்படிப் பார்த்தபோது, பேசாமல் அந்த முதல் படத்தையே கொடுத்திருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியது.

மகள் போய் அவர் கையிலிருந்து சும்மாட்டை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"உனுக்கு வராது" என்றார் அம்மா. "கல்யாணத்துக்கு அப்பறம் எங்க தூக்கின?"

"அக்கா, கொஞ்சம் தூக்கிவுடுங்க" என்றாள் அவள் என்னிடம். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வைத்தோம். அவள் கழுத்து ஒரு முறை ஆடியது. பாதத்தை அகட்டி வைத்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் நின்றது. தோள் ஒரே மட்டம், இடுப்பு ஒரே மட்டம். அவள் எந்தக் காலை ஆற்றிக்கொண்டிருந்தாள் என்று என் கண்ணால் சொல்ல முடியவில்லை. நான் கீழே குனிந்து தாள் வைத்துப் பார்க்கவும் இல்லை.

ஜீப் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தார்கள். அம்மா முன்னால், மகள் பின்னால். அம்மா மறைக்காமல் நொண்டிக்கொண்டு நடந்தார். அவர் வலது கை அடிக்கடி மேலே எழுந்து, தலைக்கு மேல் ஒன்றும் இல்லாத இடத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது. நாலு அடிக்கு ஒரு தரம் நின்று திரும்பிப் பார்த்து, மூட்டை சாய்கிறது என்று மகளைத் திட்டினார்.

அவர் இன்னும் மேலேதான் இருக்கிறார். ஒரு கோல் வாங்கிக்கொண்டார் என்றும், அதை நடக்கப் பயன்படுத்துவதைவிட ஆட்டை விரட்டத்தான் அதிகம் பயன்படுத்துகிறார் என்றும் மகள் சொன்னாள். கீழே காலி செய்த அறை காலியாகவே இருக்கிறதாம். அதைப் பற்றி இன்னும் சண்டை முடியவில்லை. சாமையை மில்லுக்குக் கொண்டுபோகும் நாளை மட்டும் கம்பெனி லீவு நாளுக்கு மாற்றிக்கொண்டார்கள். எனக்கு டியூட்டி விழும் ஞாயிறுகளில் பஸ் ஆலங்காயத்தில் நிற்கும்போது அவள் ஏறுவாள். என் பக்கத்தில் இடம் இருந்தால் உட்கார்ந்துகொள்வாள். மடியில் கைப்பை இருக்கும். அதில் கம்பெனி அட்டை, போன் சார்ஜர், ஒரு டிபன் பாக்ஸ், அதன்மேல் சுருட்டி வைத்த ஒரு பழைய சும்மாடு.